கொழும்பு வெக்கைக்கும் மழைக்கும் ஏத்த வீடு: காணி பாக்கிறதில இருந்து குடிபூரல் வரைக்கும்

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தம், ஞாபகம் இருக்கோ? தெஹிவளையில எங்கட ஒழுங்கையில அந்த ஒரு கிழமையில எல்லா வீட்டின்ர வண்டவாளமும் வெளியில வந்திட்டுது. முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி போட்டு, நாலு ஏசி பூட்டி, தட்டைக் கூரையோட கட்டின வீட்டுக்காரர் பின்னேரம் நாலு மணிக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில வந்து இருந்தினம், மூலையில இருக்கிற பழைய ஓட்டு வீட்டுக்காரர் மட்டும் தன்ர விறாந்தையில இருந்து தேத்தண்ணியும் கையுமா பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர்.

எங்கட வீடு இந்த ரெண்டுக்கும் நடுவில. கீழ் வீடு அப்பா கட்டினது. அவர் பருத்தித்துறையில நாற்சார் வீட்டில, நடுவில முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டின வீட்டில, பிறந்து வளந்தவர், 8 பேர்ச், அதாவது 2200 சதுர அடிக்குக் கிட்டவான காணியில அதை அப்பிடியே கட்ட ஏலாது எண்டு தெரிஞ்சும் நடுவில ஒரு சின்ன முற்றம் விட்டவர், கொழும்புக் காணி விலைக்கு இப்பிடி இடத்தை வீணாக்கிறீரே எண்டு எல்லாரும் பகிடி பண்ணினவை. மேல்மாடி 2014ல நான் போட்டது. மேல கொங்கிரீட் சிலாப், மேற்குப் பக்கம் ஆறடிக் கண்ணாடி யன்னல், கடல் தெரியும் எண்ட ஆசை. கடல் தெரியுது, கைக்குட்டை அளவில ஒரு துண்டு. ஆனா பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு அந்த ரூமுக்குள்ள ஆரும் போறேல்ல. கரண்ட் கட் காலம் முழுக்க எல்லாரும் அப்பாவின்ர முற்றத்தைச் சுத்தித்தான் பாய் போட்டுப் படுத்தம்.

அதால இது பிழை விட்டு, அதைத் திருத்த இன்னும் காசு கட்டின ஆளின்ர வழிகாட்டி. 6 இல இருந்து 10 பேர்ச் காணியில கட்டப் போற ஆக்களுக்கு எழுதுறன். நான் சொல்ல வாறது ஒண்டுதான்: உங்கட காசு முகப்புக்குப் போகாமல் கூரைக்கும் நிழலுக்கும் காத்துக்கும் போகோணும், எத்தின ரூம், டைல் என்ன கலர் எண்டதெல்லாம் அதுக்குப் பிறகு கதைக்கலாம்.

1. பிளான் கீறமுதல் காணியில போய்ச் சும்மா இருங்கோ

காலமை ஒருக்கா, பின்னேரம் மூண்டு நாலு மணிக்கு ஒருக்கா, நல்லா மழை பெய்யேக்க ஒருக்கா. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடிச்சாக் காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு தெரியும். கொழும்பில மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரைக்கும் வடகிழக்கு, இடையில ஒக்டோபர் நவம்பரில பின்னேர இடி மழை, அதோட மார்ச் ஏப்ரலில காத்தே அசையாத புழுக்கம். உங்கட வீட்டுக்குப் பரீட்சை வைக்கிறது அந்த மார்ச் ஏப்ரல்தான், அதுக்குப் பாஸ் பண்ணினா மிச்ச மாதமெல்லாம் சுகம்.

பக்கத்து வீட்டுப் பழைய ஆக்களோட கதையுங்கோ. 2016 மே மாத வெள்ளத்தில தண்ணி எங்க மட்டும் வந்தது எண்டு கேட்டாச் சுவரைக் காட்டிச் சொல்லுவினம். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எண்டா இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் குடுக்காதேங்கோ. புறோக்கர் எல்லாக் காணியையும் மேட்டுக் காணி எண்டுதான் சொல்லுவார்.

இன்னொண்டு, தெற்குப் பக்கத்துக் காணியில இப்ப என்ன இருக்கு எண்டதை விட நாளைக்கு என்ன வரும் எண்டு யோசியுங்கோ. வெள்ளவத்தையில எத்தினையோ வீடுகளுக்கு ஒரு எட்டு மாடி அப்பார்ட்மென்ட் வந்து காத்தை அப்பிடியே மறிச்சிட்டுது. பக்கத்தில ஒரு பழைய வீடு பெரிய வளவோட நிண்டா அது கன காலம் நிக்காது எண்டு வைச்சே பிளான் போடுங்கோ.

2. வெயில் எங்க இருந்து வருது

கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில இருக்கு. அதால சூரியன் வருசத்தில ரெண்டு தரம், ஏப்ரல் முதல் பாதியிலயும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலயும் நேர உச்சிக்கு மேல வரும், அந்த மத்தியானம் கம்பம் நட்டா நிழலே விழாது. ஜூனில மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கால போகும், டிசம்பரில தெற்கால. அதால வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் பெரிய பிரச்சினை இல்ல. 3 அடி தாழ்வாரம் விட்டா டிசம்பர் மத்தியானத்திலயே தெற்குச் சுவரில அஞ்சடிக்கு நிழல் விழும், யன்னல் தப்பிச்சிடும்.

மேற்கு அப்பிடி இல்ல. பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் பதிஞ்சு சரிவா வாறதால அதே 3 அடித் தாழ்வாரம் ரெண்டடி நிழல்தான் தரும், அஞ்சு மணிக்கு ஒரு அடி. என்ர கடல் பாக்கிற யன்னலுக்கு நடந்தது இதுதான். மேற்குப் பக்கம் தாழ்வாரத்தை நம்பி வேலையில்ல, அங்க விறாந்தை வேணும், இல்லாட்டி மரம், இல்லாட்டி நிமிர்ந்து நிக்கிற மரச்சட்டத் தடுப்பு. எல்லாத்திலும் நல்லது மேற்குப் பக்கத்துக்குப் பாத்ரூம், ஸ்டோர், படிக்கட்டு, அலுமாரி அடுக்கிற சுவர் இதுகளைத் தள்ளிவிடுறது, படுக்கிற ஆளும் இருக்கிற ஆளும் மற்றப் பக்கம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. காலி வீதியில இருந்து நேர கடலுக்கு இறங்கிறதால வீடுகள் வடக்கையோ தெற்கையோதான் பாக்கும், கிழக்கு மேற்குப் பக்கத்தைப் பக்கத்து வீடு மறைச்சிடும். ஆனா எங்கட ஆக்கள் தெற்கு வாசல் எண்டா முகத்தைச் சுழிப்பினம், யம திசையாம். தெற்குத்தான் எங்களுக்குக் காத்து வாற பக்கம்! இதுக்கு நல்ல வழி ஒண்டு ஊரிலேயே இருக்கு. கேட்டைத் தெற்கால வைச்சு, உள்ளுக்க ஒரு பக்க விறாந்தையால நடந்து வந்து தலைவாசல் நிலையைக் கிழக்குப் பாக்க வையுங்கோ. சாஸ்திரக்காரரும் சந்தோசம், தெற்குப் பக்கம் முழுக்க யன்னலுக்கு மிச்சம், ரோட்டில போறவர் நேர ஹோலுக்குள்ள பாக்கவும் ஏலாது.

3. முற்றம், சின்னதெண்டாலும்

கொழும்பில எல்லாரும் வீட்டை நடுவில வைச்சு, சுத்திவர ரெண்டடி மூண்டடி ஓடை விட்டு மதில் கட்டுறது. அந்த ஓடையில காத்தும் வராது, வெளிச்சமும் வராது, காஸ் சிலிண்டரும் உடைஞ்ச வாளியும்தான் இருக்கும். சட்டப்படி விடவேண்டிய முன், பின் இடத்தை விட்டிட்டு மிச்ச வெளியைச் சேத்து உள்ளுக்க ஒரு முற்றமாக் குடுத்தா அதே சதுர அடியில வீடே மாறிடும்.

இது புதுசில்ல. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, சிங்களப் பிரபுக்களின்ர வளவு வீட்டில மெத மிதுல எண்டு சொல்லுற நடு முற்றம், புறக்கோட்டையில ஒல்லாந்தர் கட்டின நீட்டு வீடு எல்லாம் ஒரே யோசினைதான். பிரின்ஸ் ஸ்ட்ரீட்டில டச்சு மியூசியத்துக்கு ஒருக்காப் போங்கோ, வெளியில பஸ் சத்தமும் வெக்கையும், உள்ளுக்கத் தூண் வைச்ச விறாந்தையும் முற்றமும், நாலு அடி வைக்கேக்கையே உடம்புக்குத் தெரியும். பிறகு ஆர்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா. 1958ல பகத்தல வீதிக்குப் பக்கத்தில 33ஆவது ஒழுங்கையில வரிசையா நிண்ட நாலு சின்ன வீட்டில ஒண்டை எடுத்தவர், காலப்போக்கில மற்ற மூண்டையும் எடுத்து எல்லாத்தையும் ஒண்டாக்கி இடைக்கிடை கூரை இல்லாத சின்னச் சின்ன முற்றங்களா விட்டவர், அதுதான் இப்ப நம்பர் 11 எண்டு சொல்லி ஆக்கள் பாக்கப் போற வீடு. அவர் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு அல்பிரட் பிளேஸில 1960களின்ர தொடக்கத்தில கட்டின வீடும் வெளியை மறந்து உள் முற்றத்தைப் பாத்த வீடுதான். பிறகு அந்தக் காணி விலைப்பட்டேக்க, வீட்டைக் கழட்டி, துண்டுகளுக்கு நம்பர் போட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில அவற்ற லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கட்டினவை. கழட்டிக் கொண்டுபோற அளவுக்கு ஒரு வீடு, யோசிச்சுப் பாருங்கோ.

சரி, எங்கட அளவுக்கு வருவம். 8 பேர்ச் எண்டா 2178 சதுர அடி. 10க்கு 8 அடி முற்றம் 80 சதுர அடி, மொத்தக் காணியில 4 வீதம் கூட இல்ல. ரெண்டு மாடி வீட்டில அந்த அளவு போதும், சுவர் உயரத்தால மத்தியானத்தைத் தவிர மற்ற நேரம் நிழலா இருக்கும், சூடான காத்து அதுக்குள்ளால மேல ஏறிப் போகும். 4க்கு 4 விட்டா அது முற்றமில்ல, பாசி பிடிச்ச கிணறு. எவ்வளவு சின்னது எண்டாலும் குறைஞ்சது ரெண்டு ரூமாவது நேர அதுக்குத் திறக்கோணும், ஹோலில இருந்து கண்ணாடிக்குள்ளால பாக்கிறதுக்கு மட்டும் முற்றம் வைச்சா மீன் தொட்டி வைச்ச மாதிரித்தான்.

முற்றத்தின்ர தரை ரூம் தரையை விட 6 இல இருந்து 9 அங்குலம் பதிவா இருக்கட்டும். தண்ணி போக ஒரு வழி இல்ல, ரெண்டு வழி. இலை அடைக்கிறது எப்பவும் இரவு ரெண்டு மணி மழைக்குத்தான், அதுக்காகத்தான் ரெண்டாவது. சும்மா கணக்குக்கு, உள்ளுக்குச் சரியிற கூரை 400 சதுர அடி, முற்றம் 80 எண்டு வைச்சா ஒரு மணித்தியாலத்தில 50 மில்லிமீற்றர் கொட்டினா 2200 லீற்றருக்குக் கிட்ட அந்தக் குழிக்குள்ள வந்து விழும்.

கள்ளனுக்கும் மரநாய்க்கும் பயம் எண்டா மேல இரும்புக் கிராதி போடுங்கோ. ஆனா கண்ணாடிச் சீட்டால மூடாதேங்கோ, தயவு செய்து. வத்தளையில என்ர மச்சான் ஒருத்தர் மழைச் சாரல் அடிக்குது எண்டு வெளிச்சம் வாற பிளாஸ்டிக் சீட்டால முற்றத்தை இறுக்கி மூடினவர், இப்ப அது தக்காளிக் கண்டு வளக்கிற கூண்டு மாதிரி, மத்தியானத்தில உள்ளுக்க நிக்க ஏலாது. மூடத்தான் வேணும் எண்டா கூரையில இருந்து ரெண்டடி உயத்தி நாலு பக்கமும் திறந்து விடுங்கோ.

4. கூரை. காசு இங்கதான் போகோணும்

உச்சி வெயில் நாட்டில வீட்டுக்குச் சூடு வாற பெரிய வழி கூரைதான், சுவர் இல்ல. சிலாப் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வைச்சு, நீங்க படுக்கப் போற நேரம் பாத்து அதைக் கீழ விடும். பாலைவன நாடுகளில தடிப்பான சுவரும் மண் கூரையும் வேலை செய்யுது, ஏனெண்டா அங்க இரவு நல்லாக் குளிரும், பகல் பிடிச்ச சூடு இரவில வெளியேறிடும். கொழும்பில பகல் 31 எண்டா இரவு 25, ஈரக்காத்து வேற, சூடு எங்க போறது? இஞ்ச கூரை பாரமில்லாமல், சாய்வா, கீழ காத்தோட இருக்கோணும்.

ஆனா எங்கட ஆக்கள் ஏன் சிலாப் போடுறம் எண்டு எனக்குத் தெரியும், நானும் அதுக்குத்தான் போட்டனான். மகளுக்கு ஒரு மாடி, பிறகு மகனுக்கு ஒரு மாடி, அதுவரைக்கும் கம்பியை நீட்டி விட்டு உடுப்புக் காயப்போடுறது. அந்த யோசினை பிழை எண்டு நான் சொல்லேல்ல, குடும்பம் வளருறது வீட்டோடதானே. சிலாப் போடுங்கோ, அதுக்கு மேல இரும்புச் சட்டத்தில பாரமில்லாத சாய்வுக் கூரை ஒண்டு போடுங்கோ, இடையில ஒரு ஆள் நிமிர்ந்து நிக்கக்கூடிய அளவு வெளி. உடுப்பும் காயும், மழையிலயும் காயும், சிலாப்பில வெயில் படாது. நான் 2018ல இதைத்தான் செய்தன், மேல் ரூம் இருக்கக்கூடியதா வந்தது அதுக்குப் பிறகுதான். நாளைக்கு மாடி எடுக்கேக்க சட்டத்தைக் கழட்டித் திருப்பிப் பாவிக்கலாம்.

மாடி எடுக்கிற யோசினை இல்லையெண்டா ஓடு. கலிகட் ஓடு எண்டு சொல்லுற தட்டை ஓட்டுக்கு 25 பாகைக்குக் குறையாத சாய்வு வேணும், நான் 30 எண்டு சொல்லுவன், அதாவது ஒரு அடிக்கு 7 அங்குலம் ஏத்தம். குறைச்சாத் தென்மேற்குக் காத்து மழையைக் கீழ இருந்து மேல தள்ளி ஓட்டிடுக்கால உள்ளுக்க விடும். பாவா இந்த ஒழுக்குப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டவர், கீழ நெளிவுச் சீட்டு, அதுக்கு மேல பழைய அரைவட்ட ஓடு. சீட்டு மழையைப் பிடிக்கும், ஓடு வெயிலைப் பிடிக்கும், பாக்கவும் ஊர்க் கூரை மாதிரி. அப்ப அந்தச் சீட்டு அஸ்பெஸ்டஸ், இப்ப வேற சீட்டுகள் இருக்கு, அதுகளை எடுங்கோ. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழட்டுறது எண்டா வெட்டாமல், உடைக்காமல், நனைச்சுப்போட்டு முழுசாக் கழட்டச் சொல்லுங்கோ, அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கூடாது, பாஸ்மார், அதாவது மேசன்மார், வெறும் முகத்தோட கிறைண்டர் பிடிக்கிறதை நான் பாத்திருக்கிறன்.

ஓட்டுக்குக் கீழ வெள்ளித்தாள் மாதிரி வாற சூடு தடுக்கிற ஷீட், அதுக்குக் கீழ சீலிங், இடையில காத்து வெளி. அந்த வெளிக்குக் காத்துப் போகவும் வரவும் தாழ்வாரத்தடியிலயும் முகட்டிலயும் ஓட்டை விட்டுக் கம்பி வலை அடியுங்கோ. வலை அடிக்காட்டி மரநாய் குடும்பத்தோட வந்து குடிபூந்திடும், அதின்ர மூத்திர மணம் ஒருக்கா சீலிங்கில இறங்கினா வருசக்கணக்கில போகாது.

தாழ்வாரம் குறைஞ்சது 3 அடி. இப்ப பெட்டி மாதிரி, தாழ்வாரமே இல்லாத வெள்ளை வீடு கட்டுறது பாஷன், முதல் ரெண்டு மாதம் போட்டோவுக்கு வடிவு, மூண்டாவது மழைக்காலத்தில யன்னலுக்குக் கீழ கறுப்புக் கோடு விழத் தொடங்கும்.

5. காத்து

கொழும்பில வேர்வை காயாததுதான் பிரச்சினை. காத்து மெதுவா, செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில மேல பட்டாலே 3 பாகை அளவு குறைஞ்ச மாதிரி உடம்புக்கு இருக்கும். அதால ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு பக்கம் திறப்பு வேணும், தெற்கு, தென்மேற்கால உள்ள வாறது, எதிர்ப் பக்கத்தால வெளியில போறது. போற வழி வாற வழியை விடச் சின்னனா இருந்தாக் காத்து வாசலிலேயே நிண்டிடும். ஒரு யன்னல் மட்டும் வைச்ச ரூமுக்கு எவ்வளவு பெரிய யன்னல் போட்டாலும் அது போத்தலுக்குள்ள ஊதுற மாதிரித்தான்.

ரூம் கதவைப் பூட்டினாக் காத்தும் நிண்டிடுமே எண்டு கேப்பீங்கள். பழைய வீடுகளில கதவுக்கும் யன்னலுக்கும் மேல மரத்தில பூ வெட்டின கிராதி இருக்கும் பாருங்கோ, அலங்காரம் எண்டு நினைச்சு இப்ப ஆரும் போடுறேல்ல, அது இதுக்குத்தான். சூடான காத்து மேல நிக்கும், கிராதியால வெளியேறும், நீங்க கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்கலாம். சீலிங் 10 அடி, ஏலுமெண்டா 11.

வழுக்குக் கண்ணாடி யன்னல் வேண்டாம், எப்பிடித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். கதவு மாதிரித் திறக்கிறது, இல்லாட்டி மரச் சட்ட லூவர், மழையிலயும் திறந்து வைக்கலாம். நுளம்பு வலை கட்டாயம் போடுவீங்கள், வலை காத்தில நல்ல பங்கைத் தின்னும், அதுக்கு ஏத்த மாதிரி யன்னலைப் பெருப்பியுங்கோ.

6. மழைத் தண்ணி

கொழும்பில வருசத்துக்கு 2400 மில்லிமீற்றர் அளவில மழை. ஒரு சதுர மீற்றரில ஒரு மில்லிமீற்றர் விழுந்தா ஒரு லீற்றர், அந்தக் கணக்கில 1000 சதுர அடிக் கூரையில வருசம் 2 லட்சம் லீற்றருக்கு மேல விழுது. அதில ஒரு பங்கையாவது டாங்கில பிடிச்சுக் கக்கூசுக்கும் பூக்கண்டுக்கும் விடுங்கோ, முதல் தண்ணி தூசோட வாறதால அதை வெளியில விட ஒரு வால்வு வையுங்கோ.

பீலி, அதாவது கூரைத் தண்ணியை ஏந்திக் கொண்டுபோற கான், அந்த விசயத்தில ரெண்டு மனம் எனக்கு. பீலி இல்லாட்டித் தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ள விழுந்து சண்டை வரும். பீலி இருந்தா இலை அடைச்சு, தண்ணி தேங்கி, நுளம்பு முட்டை போடும். 2017ல நாடு முழுக்க 1,80,000க்கும் மேல டெங்கு, அந்த வருசம் எங்கட ஒழுங்கையில பீஎச்ஐ, அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்து ஏணி வைச்சு ஒவ்வொரு பீலியாப் பாத்தவர். என்ர முடிவு: எல்லைப் பக்கம் மட்டும் பீலி, அதுவும் கை எட்டிக் கழுவக்கூடிய மாதிரி அகலமா, நல்ல சாய்வோட. மற்றப் பக்கமெல்லாம் தாழ்வாரத்தால நேர நிலத்தில விழ விட்டு, விழுற இடத்தில சல்லிக்கல்லுக் கான் ஒண்டு. சிலாப்பால நீட்டின பெரிய கொங்கிரீட் பீலி வேண்டவே வேண்டாம்.

அத்திவாரம் ரோட்டு மட்டத்தில இருந்து ஒண்டரை அடியாவது உயரட்டும், ரோட்டை ஒவ்வொரு தரமும் தார் போட்டு உயத்திக்கொண்டுதான் போறாங்கள். வெளிச் சுவரோட அலுமாரியை ஒட்டி வைக்காதேங்கோ, மூண்டு அங்குலமாவது விடுங்கோ, இல்லாட்டிக் கூறைச் சீலையில பூஞ்சணம் பிடிக்கிறதைப் பாத்து அழவேண்டி வரும்.

7. எங்கட ஆக்கள் வாழுற மாதிரி

ஆர்கிடெக்ட்டுக்கு இதுகளை நீங்கதான் சொல்லோணும், அவர் கேக்க மாட்டார். செருப்புக் கழட்டுற இடம் மழை நனையாமல் வேணும். வெளியில இருந்து வாற ஆள் கால் கழுவ ஒரு பைப். முன்னுக்கு ஒரு விறாந்தை, மீற்றர் பாக்கிறவரையும் சந்தா கேக்க வாறவரையும் ஹோலுக்குள்ள எடுக்காமல் இருத்திக் கதைக்க. ஊரில படலைக்கு மேல சின்னக் கூரை போட்டு, வழிப்போக்கன் நிண்டு களையாற விட்ட சங்கடப்படலை இருந்ததே, கொழும்பு மதிலுக்கும் கேட்டுக்கு மேல ரெண்டடிக் கூரை போட்டா மழைக்குள்ள திறப்புத் தேடுற உங்களுக்கும் உதவும்.

தைப்பொங்கலுக்குக் கிழக்குப் பாத்து அடுப்பு வைக்க எங்க இடம்? இதை யோசிக்காமல் முன் முழுக்கக் கார் பார்க் ஆக்கிப்போட்டு, வருசா வருசம் காரை ஒழுங்கையில விட்டிட்டு எண்ணெய்க் கறைக்கு மேல கோலம் போடுற வீடுகள் எத்தினை.

குசினி ரெண்டு. ஆடம்பரம் எண்டு நினைக்காதேங்கோ. முன்னுக்கு பான்ட்ரி கபேட்டோட தேத்தண்ணி போடுற இடம், பின்னுக்கு முற்றத்துக்கோ வெளிக்கோ திறந்த குசினி, மிளகாய்த்தூள் வறுக்க, மீன் வெட்ட, தேங்காய் திருவ. ஒரே மூடின குசினியில தூள் வறுத்துப் பாருங்கோ, மேல்மாடியில படிக்கிற பிள்ளை இருமும். அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு எண்டு சாஸ்திரம் சொல்லுறது கொழும்புக்கும் பொருந்துது, தென்மேற்குக் காத்து அடிக்கேக்க புகையும் சூடும் வீட்டின்ர கிழக்கு ஓரத்தால வெளியில போயிடும். எல்லாச் சாஸ்திரமும் இப்பிடி வாய்க்காது, காத்தோட ஒத்துப்போறதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, ஒத்துப்போகாததுக்குச் சாஸ்திரியாரிட்டப் பரிகாரம் கேளுங்கோ.

அம்மா அப்பாக்கு ரூம் கீழதான், பாத்ரூமோட, வாசல்படி இல்லாமல். இதை எழுத வேண்டியே இல்ல, ஆனா முப்பத்தஞ்சு வயசில பிளான் போடுற ஆக்கள் மறக்கினம்.

8. சாமான்

சீமெந்துக் கல்லோ செங்கல்லோ எண்டு மண்டையை உடைக்காதேங்கோ, நிழல் விழுற சுவருக்கு ரெண்டும் ஒண்டுதான், வெளியில வெளிர் நிறம் அடிச்சாச் சரி. கடலுக்குக் கிட்ட எண்டா சாதாரண இரும்புக் கிறில் அஞ்சு வருசத்தில உப்புக்காத்தில பொருக்கு வெடிக்கும், கம்பிக்கு மேல போதிய கொங்கிரீட் மூடாத பால்கனியும் அப்பிடித்தான், கம்பி கட்டி முடிய கொங்கிரீட் ஊத்த முதல் நீங்களே போய்ப் பாருங்கோ.

தரைக்கு மினுக்கு டைல் வேண்டாம், ஈரக் காலோட வழுக்கும். சீமெந்துத் தரை, பழைய சிவப்புத் தரை எண்டா கால் வைக்கக் குளிர்மை, பாஸ் தெரிஞ்ச ஆளா இருக்கோணும், இல்லாட்டி வெடிக்கும். மரத்துக்குப் பலா நல்லது. பழைய வீடு உடைக்கிற இடத்தில நிலை, கதவு, ஓடு வாங்கினா இப்ப கிடைக்காத காய்ஞ்ச மரம் கிடைக்கும், கறையான் ஓட்டை இருக்கோ எண்டு தட்டிப் பாத்து வாங்குங்கோ. உள்ளூர்க் கைவேலையை மொடர்ன் வீட்டுக்குள்ள கொண்டுவாறதுக்கு ஆர்கிடெக்ட் மினெட் டி சில்வா 1950 அளவிலேயே கண்டியில வழி காட்டினவ, தும்பறை நெசவையும் ஊர்க் குயவர் சுட்ட ஓட்டையும் வீட்டின்ர பாகமாவே வைச்சவ. எங்களுக்குப் பன் புல்லும் பனையோலையும் இருக்கு, பாய் பின்னுற ஆக்களும் இன்னும் இருக்கினம்.

9. ஏசி

வேண்டாம் எண்டு சொல்ல நான் சாமியார் இல்ல. ஆனா ஒரு ரூம், சின்ன ரூம், மேற்கில்லாத ரூம், சீலிங்குக்கு மேல சூடு தடுப்போட, இறுக்கி மூடக்கூடிய யன்னலோட. மிச்ச வீடு முழுக்கத் திறந்த வீடு, சீலிங் ஃபேன். ரெண்டையும் கலந்து, அரைவாசி திறந்த ஹோலுக்கு ஏசி போட்டா ஒழுங்கைக்குத்தான் குளிர், பில் உங்களுக்கு.

10. பேப்பர், பாஸ், காசு

கவுன்சிலில ஸ்ட்ரீட் லைன் சேர்டிபிகேட் முதல்ல எடுங்கோ, ரோட்டு அகலிக்கிற கோடு உங்கட விறாந்தைக்குள்ளால போகுதோ எண்டு அதில தெரியும். பின் வெளி எவ்வளவு, எத்தின மாடி எண்டதெல்லாம் ஏரியாவுக்கு ஏரியா வேற, மாறிக்கொண்டும் இருக்கும், மச்சான் சொன்னது மாமா சொன்னது எண்டு போகாமல் கவுன்சிலில கேளுங்கோ. கட்டி முடிய சீஓசி, அதாவது பிளான்படிதான் கட்டினது எண்ட சேர்டிபிகேட், எடுக்கோணும், இல்லாமல் விட்டா விக்கேக்கயும் லோன் எடுக்கேக்கயும் சிக்கல்.

டிராஃப்ட்ஸ்மன் பிளான் மலிவுதான், ஆனா ஒரு நல்ல ஆர்கிடெக்ட்டுக்குக் குடுக்கிற காசு வீண் போகாது. முழு வேலையும் குடுக்க ஏலாட்டி, பிளானைக் கொண்டுபோய்ப் பாக்கக் குடுத்து ஒரு நாள் ஆலோசனைக்காவது காசு குடுங்கோ. அவரிட்டக் கேக்க வேண்டியது முகப்புப் படம் இல்ல, ‘பின்னேரம் நாலு மணிக்கு வெயில் எங்க விழும், காத்து எதால வந்து எதால போகும்’ எண்டு. அதைப் பிளானில அம்புக்குறி போட்டுக் காட்ட ஏலாத ஆள் வேண்டாம்.

காசு முட்டுப்பட்டாக் குறைக்கிற ஒழுங்கு இதுதான்: முதல்ல பான்ட்ரி, பிறகு டைல், பிறகு மதிலும் கேட்டும், பிறகு ஒரு ரூம். தாழ்வாரத்தில கை வைக்காதேங்கோ. என்ர மேல்மாடி எடுத்த கொன்ட்ராக்டர் ‘ஒண்டரை அடி போதும் சேர், செலவு மிச்சம்’ எண்டவர், நானும் தலையாட்டினனான். மிச்சம் பிடிச்ச காசு அந்தச் சுவருக்கு ரெண்டு தரம் பெயின்ட் அடிக்கவே காணாமல் போச்சு.

கடைசியா, குடிபூரலுக்கு நாள் பாக்கேக்க சாஸ்திரியாரிட்ட ஏப்ரலுக்குள்ள ஒரு நாள் கேளுங்கோ, சித்திரைக்குப் பால் காய்ச்சின கையோட மே மழை தொடங்கும். கொன்ட்ராக்டருக்குக் குடுக்கிறதில அஞ்சு வீதத்தைப் பிடிச்சு வைக்கிறதா முதலே அக்ரிமென்ட்டில எழுதியிருங்கோ, அதைச் செப்டெம்பர் வரைக்கும் விடாதேங்கோ. முதல் பெரிய மழை இரவு நித்திரை கொள்ளாமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு சீலிங், யன்னல் மூலை, முற்றத்துக் கான், பாத்ரூம் சுவர் எல்லாம் பாத்து, ஒழுகிற இடத்தில சோக்கால வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, விடியக் காலமையே பாஸுக்கு அனுப்புங்கோ.